பிடி அரிசியும் பட்டாவும்

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். உலை வைத்து அரிசியைக் களையுமுன் ஒரு பிடி எடுத்து, மூலையில் இருக்கும் சின்ன மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கும். வீட்டில் ஏழு பேருக்கு அரைப்படி அரிசி இருந்த நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. "அது சாமிக்குள்ளதுடா, தொடாதே" என்று சொல்லும். சனிக்கிழமை பொழுது சாய உபதேசியார் சாக்கோடு வருவார். கலயம் சாக்கில் கவிழும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே அரிசி ஏலத்துக்கு வரும். ஏலம் எடுக்கிறவர்களும் எங்க தெருச் சனங்கள்தான். நாங்கள் கொடுத்த அரிசியை நாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருவோம். அந்தக் காசு 'ஐயர் சம்பளத்துக்கு' என்று நோட்டில் ஏறும். அப்போதெல்லாம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சுருளிப்பட்டியில் அன்றைக்குக் கூலியில் பாதி நெல்லாகத்தான் வரும். நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு, அது இல்லாத நாளில் திராட்சைத் தோட்டம். அதுவும் இல்லையென்றால் மலையேறி ஏலக்காய்க் காட்டுக்கு. அந்தக் கூலியிலிருந்து கழிந்ததுதான் அந்தப் பிடி.

அப்பத்தா செத்த அன்றைக்கு, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட உத்தரவு கேட்டு எங்கய்யா போனார். "சங்கச் சந்தா நாலு வருசம் பாக்கி கெடக்கு. கட்டிட்டு வாங்க" என்றார்கள். "எங்காத்தா அம்பது வருசமா பிடி அரிசி போட்டுருக்கே" என்றார் எங்கய்யா.

"அதுக்கு ரசீது இருக்கா?"

கேட்டவர் கெட்ட மனுசர் இல்லை. நோட்டில் என்ன இருந்ததோ அதைத்தான் கேட்டார். எங்கம்மாவின் தோட்டைக் கம்பத்தில் அடகு வைத்துச் சந்தாவைக் கட்டிய பிறகுதான் மணி அடித்தது.

அது எந்தச் சபை, யார் அந்த மனுசர் என்று எழுதப் போவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பல சபைகள் உண்டு. ஒருத்தர் பேரை எழுதினால் பழி அவர் தலையில் உட்கார்ந்துகொள்ளும், ஏற்பாடு தப்பித்துக்கொள்ளும். எனக்கு ஏற்பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். பிடி அரிசிக்கு ரசீது கிடையாது. ஆனால் சபைச் சொத்துக்குப் பட்டா உண்டு. அந்தப் பட்டா யார் பேரில் இருக்கிறது? அது எப்படி அங்கே போனது? போதகருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

1

முதலில் சம்பளம். இந்தியாவில் பாதிரிமார் என்றாலே மிஷனரிகள் என்று நினைக்கிறோம். இன்னொரு வகைப் பாதிரிகள் இருந்தார்கள். அரசாங்கப் பாதிரிகள். இங்கிலாந்துத் திருச்சபை அந்த நாட்டின் சட்டப்படியான அரசுத் திருச்சபை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1813 இல் புதுப்பித்துக் கொடுத்த சாசனச் சட்டம் கல்கத்தாவுக்கு ஒரு பிஷப்பையும், அவருக்குக் கீழே மூன்று ஆர்ச்டீக்கன்களையும் ஏற்படுத்தியது. பிஷப்புக்கு வருசம் 5,000 பவுன், ஆர்ச்டீக்கனுக்கு 2,000 பவுன். இந்தப் பணம் லண்டனிலிருந்து வரவில்லை. இந்திய வருவாயிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. 1835 இல் சென்னைக்கும் தனி பிஷப் வந்தார். பட்டாளத்துக்கும் வெள்ளை அதிகாரிகளுக்கும் ஆராதனை நடத்திய சாப்ளின்களுக்கும் அதே கஜானாதான்.

இந்திய வருவாயில் பெரும்பகுதி நிலவரி. நிலவரி என்பது நெல். அந்த நெல்லை விளைவித்தது யார்? பண்ணையாளாகவும் கூலியாளாகவும் சேற்றில் நின்ற பள்ளரும் பறையரும் சக்கிலியரும். அவர்கள் பேரில் பட்டா இல்லை, ஆகவே வரி கட்டியவர் பட்டியலிலும் அவர்கள் இல்லை. பிஷப் சம்பளத்தில் எங்கள் முன்னோரின் உழைப்பு இருந்தது, பேர் இல்லை. அப்பத்தாவுக்கு முன்பே ரசீதில்லாமல் கொடுத்தவர்கள் அவர்கள்.

இந்த ஏற்பாடு நூறு வருசத்துக்கு மேல் ஓடியது. 1927 இல் இந்தியத் திருச்சபைச் சட்டம் வந்து, 1930 மார்ச் 1 முதல் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபை சட்டப்படி பிரிந்தது. அரசுத் திருச்சபை என்ற பந்தம் அறுந்தது. ஆனால் யார் காசு, யார் கணக்கு என்ற கேள்வி அறுபடவில்லை.

2

எங்கள் பக்கம் வந்தவர்கள் அரசாங்கப் பாதிரிகள் அல்ல, அமெரிக்கர்கள். 1810 இல் தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்ற அமைப்புக்கு பாஸ்டன் தலைமையிடம். யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அவர்களுடைய மிஷனரிகள் 1834 இல் மதுரைக்கு வந்தார்கள். அதுதான் அமெரிக்கன் மதுரை மிஷன். கம்பம் பள்ளத்தாக்குக்குப் பெரியகுளம்தான் அவர்களுடைய மிஷன் நிலையம்.

1845 இல் அவர்கள் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சமவெளிக் காய்ச்சலிலும் காலராவிலும் பல பேரைப் பறிகொடுத்த பயம் அவர்களை மலைக்கு ஏற்றியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரோடு போடும்வரை அந்த மலைக்குச் சாமானும் சீமாட்டிகளும் ஏறியது டோலியிலும் தலைச்சுமையிலும்தான். அந்தப் பாதைக்கே கூலிகளின் பேர் விழுந்தது. கோடைக்கானல் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த இரண்டு வீட்டின் பேரையும் தவறாமல் எழுதுகிறார்கள். தூக்கிப் போனவன் பேரை யாரும் எழுதவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதி விசயத்தில் மதுரை மிஷன் மற்ற பல மிஷன்களைவிடக் கடுமையாக நின்றது. சாதியை விடாதவர்களுக்கு மிஷன் வேலை இல்லை, திருவிருந்தும் இல்லை என்று 1847 இல் முடிவெடுத்தது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சோதனை. பலர் வேலையை விட்டுப் போனார்கள், சாதியை விடவில்லை. இதே மதுரையில் 1606 இல் வந்த தெ நொபிலி பிராமண வேடத்தில் தனிக் கோயில் வைத்ததையும், கொஞ்ச காலத்துக்குப் பின் தாழ்த்தப்பட்ட சனங்களுக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனிவகைச் சாமியார்களை சேசு சபை ஏற்படுத்தியதையும் நினைத்துப் பார்த்தால் இந்த முடிவின் எடை தெரியும்.

1855 இல் அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் மதுரைக்கு வந்தார். அவர் பேசியது மூன்று 'சுயம்'. சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன்னைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே பரப்ப வேண்டும். கிராமத்துச் சபைக்குக் கிராமத்துப் போதகர், அவருக்கு அந்தச் சனங்களே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கேட்க நன்றாக இருக்கிறது. நல்ல கொள்கைதான்.

நடந்தது என்ன? மூன்றில் 'தாங்குதல்' எங்கள் குடிசைக்கு வந்தது. பிடி அரிசி, கோழி, முட்டை, முதல் கதிர், அறுப்பின் பண்டிகை ஏலம், மாதச் சந்தா எல்லாம் வந்தது. 'ஆளுதல்' வரவில்லை. அது மிஷன் பங்களாவிலேயே நின்றது. மிஷனரிக்கு பாஸ்டனிலிருந்து சம்பளம். உபதேசியாருக்கும் வாத்தியாருக்கும் அதில் சின்னத் துணுக்கு. எந்த ஊரில் பள்ளிக்கூடம், எந்த உபதேசியாருக்கு மாறுதல், எந்த நிலத்தை வாங்குவது என்பதெல்லாம் மிஷனரிகள் கூடி முடிவு பண்ணும் காரியம். சுமை சேரிக்கு, சாவி பங்களாவுக்கு.

3

அடுத்து நிலம். மிஷன் பேரில் நிலம் ஏன் சேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் பள்ளத்தாக்கை விட்டுச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். அங்கேதான் அது காகிதத்தில் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

1891 இல் செங்கல்பட்டு கலெக்டராயிருந்த ட்ரெமன்கீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். புறம்போக்கைத் திருத்தி விவசாயம் பண்ணப் பறையர் மனுப் போட்டால், மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை என்று தடுத்துவிடுகிறார்கள். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்தால் வீட்டைக் காலி பண்ணு என்பார்கள். இதையெல்லாம் அவர் எழுதினார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகிய பாதிரிகள் பறையருக்கு நிலம் வேண்டும் என்று வாதாடினார்கள். 1892 செப்டம்பர் 30 இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்ததுதான். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் அப்படிக் கொடுக்கப்பட்டது என்று தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

அந்தக் காலத்தில் பாதிரிகளும் நிலம் வாங்கினார்கள். ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையே உண்டாக்கினார். காரணம் சுலபமானது. பறையன் பேரில் மனுப் போட்டால் மிராசுதார் தடுப்பான், துரை பேரில் போட்டால் தாசில்தார் எழுந்து நிற்பான். பறையன் பேரில் நிலம் இருந்தால் கடனுக்கும் மிரட்டலுக்கும் பறிபோகும், மிஷன் பேரில் இருந்தால் தொட மாட்டான். அதாவது மிஷனின் பேர் ஒரு வேலி. வேலி பயிருக்காகப் போட்டது.

பள்ளத்தாக்கில் நிலத்துக்கு விலை ஏறிய கதை வேறு. 1895 இல் பெரியாறு அணை திறந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் என்று இன்றைக்கும் கணக்குச் சொல்கிறார்கள். தண்ணீர் வந்ததும் புஞ்சை நஞ்சையானது, நஞ்சை பொன்னானது. தண்ணீர் வரும்போது யார் பேரில் நிலம் இருந்ததோ அவன் பண்ணைக்காரன் ஆனான். யார் பேரில் இல்லையோ அவன் கூலிக்காரனாகவே நின்றான். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு ஜெபவீடும் நாலு புளியமரமும் ஒரு கல்லறைத் தோட்டமும் எங்கள் சனங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விரட்டப்படாமல் உட்கார ஒரு இடம். செத்தால் படுக்க ஒரு இடம்.

அந்தப் பயிருக்கான வேலி இன்றைக்கு யார் கையில்?

4

1947 செப்டம்பர் 27 இல் சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், மதுரை அமெரிக்கன் மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, எல்லாம் ஒன்றாயின. மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்துக்கு லெஸ்லி நியூபிகின் முதல் பேராயர். உலகமே வியந்து பார்த்த ஐக்கியம் அது.

அதே செப்டம்பரில் இன்னொன்றும் பிறந்தது. அதைப் பற்றி ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருவதில்லை. தென்னிந்தியத் திருச்சபை ட்ரஸ்ட் அசோசியேஷன். 1913 ஆம் வருசக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான, இலாப நோக்கமில்லாத கம்பெனி. மிஷன்கள் வைத்திருந்த நிலம், கட்டடம், பங்களா எல்லாம் படிப்படியாக இந்தக் கம்பெனி பேருக்கு வந்தன. சபை என்றால் விசுவாசிகளின் கூட்டம் என்று வேதபாடத்தில் படிக்கிறோம். சொத்து என்று வரும்போது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது கம்பெனி. விசுவாசிகள் அதில் பங்குதாரர்கள் இல்லை.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்கு ஊர் சபையார் பேரில் எழுதியிருந்தால், அந்தந்த ஊர் ஆதிக்கசாதிக்காரன் எப்போதோ கைப்பற்றியிருப்பான். மையத்தில் இருந்ததால் பல சொத்து தப்பித்தது. சம்பளத்திலும் நல்லது உண்டு. சேகரத்தில் சேரும் சந்தாவிலும் காணிக்கையிலும் ஒரு பங்கு திருமண்டல அலுவலகத்துக்குப் போகிறது. பல திருமண்டலங்களில் அங்கிருந்துதான் எல்லாப் போதகருக்கும் சம்பளம். அதனால் கூலிக்காரச் சேகரத்துப் போதகர் பட்டினி கிடப்பதில்லை. சபையாரின் தயவில் நிற்பதும் இல்லை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் மறுபக்கம், போதகர் சபையாருக்குப் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. மாறுதல் போடுகிற கைக்குப் பதில் சொன்னால் போதும்.

கத்தோலிக்கத்தில் வேறு முறை. பங்குச் சொத்தை நிர்வகிப்பது பங்குச் சாமியார், அவருக்கு மேலே ஆயர், எல்லாவற்றுக்கும் மேலே ரோமில் பாப்பு. பூசைக் காணிக்கை, திருவிழா வரி, ஆலய உண்டியல் என்று வருமானம். ஆனால் 1983 ஆம் வருசத் திருச்சபைச் சட்டத்தொகுப்பை எடுத்துப் பாருங்கள். 537 ஆம் விதி, பங்குதோறும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. 1287 ஆம் விதியின் இரண்டாம் பத்தி, விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்கள் தங்கள் சட்டத்தையே படிக்காதவர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. முதல் தலித் கர்தினால் வந்தது 2022 இல். பிடி அரிசி போடுகிறவர் மூன்றில் இரண்டு பேர். சாவி வைத்திருப்பவரில் நாம் எத்தனை பேர்?

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1950 இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதி இல்லை என்று தள்ளியது. 1956 இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990 இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியிலேயே நிற்கிறார்கள். 1985 இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. சேரியில் அடி வாங்கும்போது பறையன், சலுகை கேட்கும்போது கிறிஸ்தவன். அரசு சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிற எங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஒதுக்கீடு சபையின் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் நிலமும்தான். அதனால்தான் சபைச் சொத்து எங்களுக்கு வெறும் சொத்துப் பிரச்சினை இல்லை.

அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியாருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. நியமிக்கிற அதிகாரம் சபை நிர்வாகத்துக்கு. இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. 1813 இன் பிஷப் சம்பளத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். மறுபடியும் சனங்களின் வரி. மறுபடியும் கணக்கு வேறு மேசையில்.

5

இப்படிப் பேசும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வருகிறது. "எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்காதே" என்று நம் ஆட்கள். "அப்படியானால் அரசே எடுத்துக்கொள்ளட்டும்" என்று மற்றவர்கள். கோயிலுக்கு 1959 இன் அறநிலையச் சட்டம் இருக்கிறது, வக்ஃபுக்குச் சட்டம் இருக்கிறது, சர்ச்சுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி புதிதல்ல. கேரளத்தில் 2009 இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான ஆணையம் ஒரு சட்ட வரைவு கொடுத்தது. 2019 இல் நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையில் இன்னொரு வரைவு வந்து, சபைகளின் எதிர்ப்பில் பின்வாங்கப்பட்டது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இப்படி ஒரு வாரியம் வேண்டாமா என்று கேட்டது.

என் நிலை இது. அறநிலையத் துறை வந்ததால் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற தலித்துக்கு என்ன கிடைத்தது என்று தெரியும். சிறுபான்மையினரை விரட்டுகிறவர்கள் கையில் இன்னொரு சாவியைக் கொடுக்க நான் தயாராயில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி எங்கள் வாயை அடைக்கவும் விட மாட்டேன். பயிருக்குப் போட்ட வேலி பயிரை மேயும்போது, வேலியைப் பிடுங்கு என்று சொல்லவில்லை. பயிர் யாருடையது என்று எழுதி வை என்கிறேன்.

கேட்பது பெரிசில்லை. ஒவ்வொரு சபைக்கும் அதன் நிலத்தின் சர்வே எண்ணும், குத்தகைக்காரர் பேரும், வாடகையும் கோயில் சுவரில் எழுதித் தொங்க வேண்டும். விற்கவோ நெடுங்குத்தகைக்கு விடவோ அந்த ஊர்ச் சபையார் கூடிச் சம்மதிக்க வேண்டும். சொத்துக் குழுவில் தலித்துகள், அதிலும் பெண்கள், எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும். சந்தா பாக்கிக்காகப் பிணத்தையும் ஓட்டையும் நிறுத்தக் கூடாது.

கணக்கைத் திறந்தால் சபை இடிந்துபோகும் என்கிறார்கள். அந்த அரசுத் திருச்சபையையே பாருங்கள். 1704 இல் ராணி ஆன் பேரில், ஏழைப் பாதிரிகளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க இங்கிலாந்தில் ஒரு நிதி ஏற்பட்டது. அது 1948 இல் 'சர்ச் கமிஷனர்கள்' என்ற இன்றைய அமைப்போடு சேர்ந்தது. அவர்களே ஆள் வைத்துப் பழைய பேரேடுகளைப் புரட்டினார்கள். அடிமை வியாபாரம் செய்த தென்கடல் கம்பெனியில் அந்த நிதி பெருமளவு போடப்பட்டிருந்தது என்று தெரிந்தது. 2023 ஜனவரியில் அதை வெளியிட்டு, 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். போதாது என்று கறுப்பின மக்கள் சொல்கிறார்கள், நியாயம். ஆனால் பேரேடு திறந்தது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. அதே இங்கிலாந்துத் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கம் 1710 முதல் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தது. அடிமைகளின் உடம்பில் சங்கத்தின் பேரைச் சூடு போட்டார்கள். 1841 இல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது அந்தச் சங்கத்தின் சார்பில்தான். அடிமையின் கரும்பும் அப்பத்தாவின் பிடி அரிசியும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

எங்க ஊரில் இப்போது பன்னீர் திராட்சைக்குப் பேர். 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது 1832 இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரி என்று அந்த வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். கொண்டுவந்தவருக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது. கவாத்து வெட்டி, மருந்தடித்து, குலை அறுத்த கைகளுக்கு இல்லை.

எங்கய்யா சாகும்வரை அந்தச் சந்தா ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நாலு வருசப் பாக்கி கட்டிய ரசீது. அப்பத்தா பேர் அச்சில் வந்த ஒரே காகிதம் அதுதான். இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஐம்பது வருசப் பிடி அரிசியை அதில் எழுதித் தர யார் வரப் போகிறார்கள்?